ஸ்டாக் ஆண்ட்ராய்டா, கம்பெனி ஸ்கின்னா? அப்டேட் எப்போதுதான் வரும்? – கேள்வி பதில்

போன் விற்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். வாங்கும் முன் கேட்பவர்கள், வாங்கிவிட்டு அப்டேட்டுக்குக் காத்திருப்பவர்கள், அப்டேட் போட்டுவிட்டு வருந்துபவர்கள் என்று மூன்று தரப்பிலிருந்தும் கேள்விகள் வந்திருந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவர், திருச்சி): அண்ணா, 20,000 ரூபாய்க்குள் போன் வாங்க வேண்டும். "ஸ்டாக் ஆண்ட்ராய்டு உள்ளதையே வாங்கு, அப்டேட் சீக்கிரம் வரும்" என்று ரூம்மேட் அடித்துச் சொல்கிறான். உண்மையா?

பதில்: ஒரு காலத்தில் உண்மை, தம்பி. கூகுள் தருகிற ஆண்ட்ராய்டை அதிகம் கை வைக்காமல் போட்டுக் கொடுத்தால் ஸ்டாக். கம்பெனி தன் தோற்றம், தன் கேமரா, தன் கேலரி, தன் டயலர் (போன் பேசும் ஆப்) எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தால் ஸ்கின். சாம்சங்கின் ஒன் யூஐ, ஒன்பிளஸின் ஆக்சிஜன் ஓஎஸ், ஷாவ்மியின் ஹைப்பர் ஓஎஸ் எல்லாம் இந்த வகை. 2014 செப்டம்பரில் கூகுள் 'ஆண்ட்ராய்டு ஒன்' திட்டத்தை இந்தியாவில்தான் தொடங்கியது. மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் மூன்றும் ஆளுக்கொரு போன் விட்டார்கள். குறைந்த விலை போனுக்கும் அப்டேட் வரும் என்று ஜனங்கள் நம்பத் தொடங்கியது அப்போதுதான். உங்கள் நண்பர் சொல்வது அந்தக் காலத்துக் கணக்கு.

இப்போது நிலைமை வேறு. சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜி-யை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபரில், நீங்கள் சொல்லும் இதே பட்ஜெட்டில் வந்தது. அடி முதல் நுனி வரை ஸ்கின்தான். ஆனால் ஆறு ஆண்ட்ராய்டு வெர்ஷன், ஆறு வருஷ பாதுகாப்பு அப்டேட் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். மறுபக்கம் மோட்டோரோலாவின் ஜி வரிசை. கையில் எடுத்தால் ஸ்டாக் போலவே சுத்தமாக இருக்கும். ஆனால் அதில் பல மாடல்களுக்கு ஒன்றோ இரண்டோ வெர்ஷனோடு சரி. ஆகவே தோற்றத்தைப் பார்த்து அப்டேட்டைக் கணிக்காதீர்கள். கம்பெனியின் சொந்தத் தளத்தில் அந்த மாடலுக்கு எத்தனை வருஷம் என்று எழுத்தில் இருக்கிறதா, அதைப் பாருங்கள். கடைக்காரர் வாயால் சொல்வது, நான் சொல்வது உட்பட, கணக்கில் வராது.

முக்கியமாக ஒன்று: அந்த வருஷக் கணக்கு போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடும், நீங்கள் பில் போட்ட நாளிலிருந்து அல்ல. நாலு வருஷ வாக்கோடு வந்த போனை, வந்து இரண்டு வருஷம் கழித்து ஆஃபரில் வாங்கினால் உங்களுக்கு மிச்சம் இரண்டே வருஷம். பண்டிகைக்கால ஆஃபரில் பாதி விலைக்குத் தள்ளும் போன்களில் இதுதான் மறைந்திருக்கும் விலை.

கேள்வி (அரசுப் பள்ளி ஆசிரியை, கரூர்): விளம்பரத்தில் "4+6" என்று போடுகிறார்களே சார், அது என்ன?

பதில்: ஆண்ட்ராய்டு வெர்ஷன் நாலு தடவை மாறும், பாதுகாப்பு அப்டேட் ஆறு வருஷம் வரும் என்று அர்த்தம். ஒன்பிளஸ் 13-க்கு இதே கணக்குத்தான். கூகுள் பிக்சல் 8-லிருந்து இரண்டுமே ஏழு வருஷம், சாம்சங் எஸ்24-லிருந்தும் அப்படியே.

இரண்டில் எது முக்கியம் என்றால், யோசிக்காமல் இரண்டாவது என்பேன். வெர்ஷன் மாறினால் புது ஐகான், புது வசதி வரும். பாதுகாப்பு அப்டேட் ஓட்டையை அடைப்பது. 2015-இல் 'ஸ்டேஜ்ஃபிரைட்' என்று ஒரு ஓட்டை கண்டுபிடித்தார்கள். ஒரு எம்எம்எஸ் வந்தாலே போதும், திறந்துகூடப் பார்க்க வேண்டாம், போன் அடுத்தவன் கைக்குப் போக வழி இருந்தது. அந்த ஆகஸ்டிலிருந்துதான் கூகுள் மாதாமாதம் பாதுகாப்பு அறிக்கை விடத் தொடங்கியது.

உங்கள் போனில் இப்போதே பாருங்கள் டீச்சர். செட்டிங்ஸில் 'ஃபோனைப் பற்றி' போய், ஆண்ட்ராய்டு வெர்ஷனைத் தட்டினால் பாதுகாப்பு அப்டேட் என்று ஒரு தேதி இருக்கும். அது இரண்டு மூன்று மாதத்துக்குள் இருந்தால் நிம்மதி. போன வருஷத் தேதி என்றால் கம்பெனி உங்களைக் கைவிட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே 'கூகுள் ப்ளே சிஸ்டம் அப்டேட்' என்று இன்னொரு தேதியும் இருக்கும். ஆண்ட்ராய்டு 10-லிருந்து சில உள்பகுதிகளை கூகுள் கம்பெனியைக் கேட்காமல் நேராகவே புதுப்பிக்கிறது. அதையும் தட்டி ஒரு முறை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள்.

கேள்வி (ஐடி ஊழியர், சென்னை): பிக்சல் வைத்திருக்கும் நண்பனுக்கு ஆண்ட்ராய்டு 16 ஜூனிலேயே வந்துவிட்டது. எனக்கு மாதக்கணக்கில் காத்திருப்பு. நடுவில் இவர்கள் அப்படி என்னதான் செய்கிறார்கள்?

பதில்: ஆண்ட்ராய்டின் மூல நிரலை கூகுள் வெளியிட்ட அன்றைக்கே எல்லோரும் வேலையைத் தொடங்குவதில்லை. பெரிய கம்பெனிகளுக்கு மாதங்களுக்கு முன்பே நிரல் கிடைத்துவிடும். பிறகு வேலை இப்படிப் போகும். முதலில் குவால்காமோ மீடியாடெக்கோ தன் சிப்புக்கு ஏற்ற டிரைவர்களை (சிப்பை ஆண்ட்ராய்டோடு பேச வைக்கும் மென்பொருளை) தர வேண்டும். அதன் மேல் கம்பெனி தன் ஸ்கின்னை ஏற்ற வேண்டும். கேமரா, கைரேகை, திரை, வோல்ட்டிஇ (4ஜி-யிலேயே பேசும் வசதி) ஒவ்வொன்றும் சரியாக இருக்கிறதா என்று மாடல் வாரியாகச் சோதிக்க வேண்டும். கூகுளின் சோதனைகளில் தேற வேண்டும். அப்புறம் பீட்டா என்ற சோதனைப் பதிப்பு, அதில் வரும் புகார், திருத்தம், மறுபடி பீட்டா. வருஷத்துக்கு ஐந்தாறு போன் விடும் கம்பெனிக்கும், ஐம்பது போன் விடும் கம்பெனிக்கும் இந்த வேலை ஒன்றல்ல.

முன்பு இது இன்னும் மோசம். சிப் சார்ந்த கீழ்ப்பகுதியும் ஆண்ட்ராய்டின் மேல்பகுதியும் பின்னிப் பிணைந்து கிடக்கும், ஒன்றைத் தொட்டால் மற்றதும் ஆடும். 2017-இல் ஆண்ட்ராய்டு 8 வந்தபோது 'ப்ராஜெக்ட் ட்ரெபிள்' என்ற பெயரில் இரண்டையும் பிரித்தார்கள். ஏழு வருஷ வாக்கெல்லாம் சாத்தியமானதற்கு அந்தப் பிரிவு ஒரு பெரிய காரணம்.

ஆனாலும் சொதப்பல் நடக்கும். ஆண்ட்ராய்டு 15 பிக்சலுக்கு 2024 அக்டோபரில் வந்தது. சாம்சங் அதே சமயத்தில் ஸ்கின்னை அடியோடு மாற்றும் வேலையில் இறங்கியிருந்ததால், எஸ்24-க்கு அது வந்து சேர 2025 ஏப்ரல் ஆகிவிட்டது. விலை உயர்ந்த போன், ஆறு மாதக் காத்திருப்பு. மறு வருஷம் ஆண்ட்ராய்டு 16 ஜூன் 10-இல் வெளியானது, சாம்சங் எஸ்25-க்கு செப்டம்பரிலேயே கொடுத்துவிட்டது. கம்பெனி அதேதான், ஸ்கின் பழக்கமும் அதேதான். அந்த வருஷம் எவ்வளவு மாற்றினார்கள் என்பதைப் பொறுத்துத்தான் வேகம்.

இன்னொன்று, "வெளியாகிவிட்டது" என்று செய்தி வந்த நாளில் எல்லோருக்கும் வராது. முதலில் சிறு பங்குப் பேருக்கு அனுப்பி, புகார் வருகிறதா என்று பார்த்துத்தான் மெல்ல மெல்லத் திறப்பார்கள். நாளுக்கு இருபது முறை 'செக் ஃபார் அப்டேட்' தட்டுவதால் வரிசையில் முன்னால் போய்விட மாட்டீர்கள்.

கேள்வி (மதுரை வாசகர்): பிக்சல் என்றால் எல்லாமே முதலில் வந்துவிடும்தானே?

பதில்: ஆண்ட்ராய்டு வரும். மற்றது சொல்ல முடியாது. இந்தியாவில் 5ஜி தொடங்கியது 2022 அக்டோபரில். ஐபோனுக்கு அதைத் திறந்துவிடும் அப்டேட் அந்த டிசம்பரில் வந்தது. பிக்சல்காரர்கள் 5ஜி போனைக் கையில் வைத்துக்கொண்டு 2023 வரை 4ஜி-யில்தான் ஓட்டினார்கள்.

கேள்வி (நிலத் தரகர், திண்டுக்கல்): என் தொழிலுக்கு கால் ரெக்கார்டிங் கட்டாயம் வேண்டும். புதுப் போனில் ரெக்கார்ட் போட்டதும் ஒரு குரல் எதிராளிக்கும் கேட்கும்படி அறிவிக்கிறது. என்ன செய்வது?

பதில்: உங்கள் போனில் இருப்பது கூகுள் டயலர். ஸ்டாக் போனில் மட்டுமல்ல, ஸ்கின் உள்ள பல போன்களிலும் அதையே போட்டுத் தருகிறார்கள். அறிவிப்பு அதன் விதி. வேறு ஆப் போட்டுச் சமாளிக்கலாம் என்றால், 2022 மே மாதம் ப்ளே ஸ்டோர் அந்த வழியையும் அடைத்துவிட்டது. இந்தியாவில் விற்கும் சாம்சங் போன்களில் அவர்களுடைய சொந்த டயலர் சத்தமில்லாமல் பதிவு செய்யும். ஸ்கின்னுக்காகவே ஒருவர் போன் தேர்ந்தெடுக்கலாம் என்றால் அதற்கு இது நியாயமான காரணம். பதிவு செய்கிறேன் என்று எதிராளியிடம் சொல்லிவிட்டுச் செய்வதுதான் நல்லது, அது வேறு விஷயம்.

கேள்வி (இல்லத்தரசி, ஈரோடு): மாமியாரின் போனில் லாக் ஸ்கிரீனைத் தொட்டாலே ஏதாவது செய்தி, விளம்பரம், கேம். கேட்காமலே ஆப்கள் ஏறிக்கொள்கின்றன. ஸ்டாக் போன் வாங்கிக் கொடுத்துவிடலாமா?

பதில்: வாங்கித் தரும் முன் இருபது நிமிடம் உட்காருங்கள் அக்கா. லாக் ஸ்கிரீனில் வருவது அநேகமாக 'கிளான்ஸ்', செய்தியும் விளம்பரமும் காட்டவே போட்டிருக்கும் சேவை. செட்டிங்ஸில் லாக் ஸ்கிரீன் அல்லது வால்பேப்பர் பகுதியில் அதை அணைக்கலாம். கம்பெனியின் சொந்த ஆப் ஸ்டோர், தீம் ஸ்டோர், பிரவுசர் மூன்றின் நோட்டிஃபிகேஷனையும் நிறுத்துங்கள். 'ரெக்கமெண்டேஷன்ஸ்', 'பர்சனலைஸ்டு ஆட்ஸ்' என்ற சொற்களை செட்டிங்ஸின் தேடலில் போட்டு, வருவதையெல்லாம் அணையுங்கள். நீக்க முடிகிற ஆப்பை நீக்குங்கள், முடியாததை 'டிசேபிள்' செய்யுங்கள். முக்கால்வாசித் தொல்லை போய்விடும். பெரிய அப்டேட் வந்த பிறகு ஒரு முறை சரிபாருங்கள், அணைத்ததில் சிலது மறுபடி எழுந்து உட்கார்ந்திருக்கும்.

விலை குறைந்த போனில் விளம்பரம் வருவது தற்செயல் அல்ல, அதுவும் அவர்களுக்கு வருமானம். மாமியார் வயதானவர், அடிக்கடி எதையாவது தட்டிவிடுவார் என்றால், விளம்பரம் இல்லாத போனுக்கு இரண்டாயிரம் கூடுதலாகக் கொடுப்பதில் தப்பே இல்லை.

கேள்வி (தனியார் நிறுவன ஊழியர், கோவை): அப்டேட் போட்டால் திரையில் பச்சைக் கோடு விழும் என்கிறார்கள். பயந்து ஒரு வருஷமாக எதையும் போடவில்லை.

பதில்: கோடு விழுவது பொய் அல்ல. அமோலெட் திரை போட்ட போன்களில் அப்டேட் முடிந்த கையோடு கோடு தெரிந்ததாகச் சொல்லி எங்கள் மேஜைக்கும் வந்திருக்கின்றன. மேலிருந்து கீழாக மயிரிழை போல ஒரு கோடு. முதலில் ஒன்று, அப்புறம் பக்கத்தில் பிங்க் நிறத்தில் இன்னொன்று. ஆனால் கோளாறு பேனலிலோ, பேனலை போர்டோடு இணைக்கும் மெல்லிய பட்டையிலோதான் இருக்கும். பழைய மென்பொருளுக்குத் திரும்பினாலும் கோடு போகாது, அதுவே அத்தாட்சி. அப்டேட் ஏறும்போது போன் நன்றாகச் சூடாகும். ஏற்கெனவே தளர்ந்த இணைப்பு அந்தச் சூட்டில் கைவிடுவது நடக்கக்கூடியதே.

அதனால் பயந்து ஒரு வருஷம் போடாமல் இருப்பது தீர்வல்ல. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, கவரைக் கழற்றிவிட்டு, ஃபேன் காற்றில் வைத்துப் போடுங்கள். பேட்டரி எழுபது சதவீதமாவது இருக்கட்டும். கோடு விழுந்துவிட்டால் தெருமுனைக் கடையில் திறந்துவிடாதீர்கள். சில கம்பெனிகள் குறிப்பிட்ட மாடல்களுக்கு வாரண்டி முடிந்த பிறகும் இலவசமாகத் திரை மாற்றிக் கொடுத்தார்கள். வெளியே திறந்த போனுக்கு அந்தச் சலுகை கிடைப்பது கஷ்டம். நேராக கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள், போனைக் கொடுத்ததற்கான ஜாப் ஷீட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம் வாசகர்): வெளியிலிருந்து இறக்கிய போன் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினேன். பெட்டியில் சீன எழுத்து, போனில் ஆங்கிலம். ஒரு அப்டேட்டும் வருவதில்லை.

பதில்: சீனாவில் விற்பதற்கென்று செய்த போனில், விற்றவர் பூட்லோடரை (வேறு மென்பொருள் ஏறாமல் காக்கும் பூட்டை) திறந்து வெளிநாட்டு ரோமை, அதாவது வெளிநாட்டுக்கான மென்பொருளை, ஏற்றியிருக்க வாய்ப்பு அதிகம். அப்படி ஏற்றிய போனுக்கு அநேகமாக அப்டேட் வராது. வந்து போட்டாலும் சில சமயம் போன் எழும்பாமலே போய்விடும், ஆகவே தானியங்கி அப்டேட்டை அணைத்து வையுங்கள். போனை அணைத்துத் திறக்கும்போது, கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் திறந்த பூட்டுப் படம் வருகிறதா பாருங்கள். வந்தால் சந்தேகமே இல்லை. விற்ற கடையிலேயே திருப்பிக் கேளுங்கள். வங்கி ஆப்களை அதில் வைத்திருக்க வேண்டாம்.

கேள்வி (பாலிடெக்னிக் மாணவர், சேலம்): கம்பெனி அப்டேட்டை நிறுத்திவிட்டது. லீனியேஜ் ஓஎஸ் போட்டுச் சுத்தமான ஆண்ட்ராய்டாக மாற்றலாமா?

பதில்: லீனியேஜ் ஓஎஸ் என்பது ஆர்வலர்கள் சேர்ந்து செய்யும் இலவச ஆண்ட்ராய்டு. இரண்டாவது போன் என்றால் தாராளமாகப் போடுங்கள், கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது. தினசரி போன் அதுதான் என்றால் வேண்டாம். பூட்லோடரைத் திறந்ததும் போன் மாற்றப்படாமல் இருக்கிறதா என்று பார்க்கும் கூகுளின் 'ப்ளே இன்டெக்ரிட்டி' சோதனையில் போன் தவறும். வங்கி ஆப், யூபிஐ ஆப் பல திறக்க மறுக்கும். அதைச் சமாளிக்க ஒரு வித்தை, அது ஒரு மாதத்தில் அடைபட்டதும் இன்னொரு வித்தை என்று அலைய வேண்டும். டீக்கடையில் ஸ்கேன் செய்ய முடியாமல் நிற்பீர்கள். சாம்சங்கில் பூட்லோடரைத் திறந்து வெளி ரோம் ஏற்றினால் நாக்ஸ் என்ற அவர்களுடைய பாதுகாப்பு அமைப்பு நிரந்தரமாக முறிந்துவிடும், திரும்பப் பூட்டினாலும் சரியாகாது.

கேள்வி (வங்கி ஊழியர், புதுச்சேரி): அப்டேட் வந்த அன்றே போடலாமா? பேட்டரி போய்விடும் என்கிறார்களே.

பதில்: மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட் என்றால் அன்றே. வெர்ஷன் மாறும் பெரிய அப்டேட் என்றால் இரண்டு வாரம் பொறுத்து, முன்னால் போட்டவர்கள் அழுகிறார்களா பார்த்துவிட்டுப் போடுங்கள். போட்ட இரண்டு மூன்று நாள் பேட்டரி இறங்கத்தான் செய்யும், பின்னால் ஆப்களை மறுபடி ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கும். ஒரு வாரத்துக்குப் பிறகும் இறங்கினால் அப்போது கவலைப்படலாம். வேண்டுமென்றே பேட்டரியைக் குறைக்கும் அப்டேட்டும் உண்டு. 2025 ஜூலையில் கூகுள் பிக்சல் 6ஏ-க்குக் கட்டாய அப்டேட் ஒன்று அனுப்பியது. நானூறு சார்ஜ் சுழற்சி தாண்டிய சில பேட்டரிகள் சூடாகும் ஆபத்து இருந்ததால், அவற்றின் கொள்ளளவையும் சார்ஜ் வேகத்தையும் குறைத்தது.

கேள்வி (ஓய்வு பெற்றவர், நாகர்கோவில்): "உங்கள் போனுக்கு முக்கிய அப்டேட்" என்று வாட்ஸாப்பில் ஒரு கோப்பு வந்திருக்கிறது. போடலாமா?

பதில்: அழித்துவிடுங்கள் ஐயா. எந்தக் கம்பெனியும் வாட்ஸாப்பில் அப்டேட் அனுப்பாது. செட்டிங்ஸுக்குள் வருவது மட்டும்தான் அப்டேட். ஏற்கெனவே தட்டிப் போட்டுவிட்டீர்கள் என்றால் உடனே டேட்டாவையும் வைஃபையையும் அணையுங்கள். வேறு போனிலிருந்து வங்கிக்குப் பேசிக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். அப்புறம் போனை முழுவதும் ரீசெட் செய்யக் கொண்டு வாருங்கள்.