ரேஸ் குதிரைக்கு ஜம்பிங் சேணம்: கேட்டவர்களுக்குப் பதில்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே குதிரைதான், நிறம் மட்டும் மாறுகிறது. ரேஸில் ஓடி முடித்து ரைடிங் கிளப்புக்கு வந்த தரோபிரெட் (ரேஸுக்கென்றே வளர்க்கும் இனம்), ஒடுங்கி உயர்ந்து நீளமாகப் பின்னால் ஓடும் விதர்ஸ், அதன் இரண்டு பக்கமும் கை வைத்தால் உள்ளே போகிற பள்ளம். எந்தச் சேணத்தைப் போட்டாலும் ஒன்று முன்னால் இடிக்கும், இல்லாவிட்டால் பின்னால் ஆடும். (கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடுதான் விதர்ஸ், புதிதாக வந்தவர்களுக்காக.) அந்தக் குதிரைக்கான பதிலை நீளமாக எழுதியிருக்கிறேன், மற்றதை வேகமாக முடித்துவிடுகிறேன்.

கேள்வி (சென்னை): அக்கா, என் குதிரைக்குப் பத்து வயது, ரேஸிலிருந்து வந்தது. 80 செ.மீ. தாண்டுகிறோம். சேணத்தின் முன்பக்கம் விதர்ஸில் இடிக்கிறது. இன்னும் குறுகலான கல்லெட் பிளேட் (சேணத்தின் முன்பக்க அகலத்தை மாற்றும் தகடு) போட்டால் தூக்கிக்கொள்ளும் என்கிறார் கடைக்காரர். போடலாமா?

வேண்டாம். தூக்கும் என்பது உண்மைதான், ஆனால் எதன் மேல் நின்று தூக்குகிறது என்று அவர் சொல்லவில்லை. சேணத்துக்குள் சட்டமாக இருக்கும் ட்ரீயின் இரண்டு முனைகளும் தோளுக்குப் பின்னால் உள்ள சதையில் குத்தி நின்றுதான் முன்பக்கத்தைத் தூக்குகின்றன. அங்கே இருக்கும் ட்ரெபீசியஸ் தசை அழுத்தம் தாங்காமல் வற்றும், பள்ளம் இன்னும் ஆழமாகும், அப்புறம் இதைவிடக் குறுகலானது கேட்கும். அதோடு முன்பக்கம் ஏறினால் பின்பக்கம் இறங்கும், நீங்கள் பின்னால் சரிந்து உட்காருவீர்கள், இறங்கும்போது உங்கள் எடை முழுவதும் அதன் இடுப்பை நோக்கிப் போய் விழும்.

உங்கள் பிரச்சினையில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. அகலம் ஒன்று, உயரம் ஒன்று. அகலத்தை ட்ரீயின் கோணம் தீர்க்க வேண்டும், உயரத்தைச் சேணத்தின் முன்மேட்டு (விதர்ஸின் மேல் வளைந்து நிற்கும் முன்பகுதி) வடிவமும் அடியில் கம்பளியோ ஃபோமோ அடைத்த மெத்தையான பேனலும் தீர்க்க வேண்டும். ஒன்றின் வேலையை மற்றதிடம் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

முதலில் அளவு எடுங்கள். வரைபடம் போடுகிறவர்கள் வைத்திருக்கும் வளையும் ஸ்கேல் ஒன்று வாங்குங்கள், விலை அதிகம் இல்லை. குதிரையைச் சமதளத்தில் நான்கு காலும் சமமாக ஊன்றி, தலை சாதாரண உயரத்தில் இருக்க நிறுத்துங்கள். தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, அதற்கு இரண்டு விரல் பின்னால் ஸ்கேலைக் குறுக்கே போட்டு அழுத்தி, வடிவம் மாறாமல் எடுத்து அட்டையில் வரையுங்கள். முதுகின் தாழ்ந்த இடத்தில் ஒன்று, கடைசி விலா எலும்பு இருக்கும் இடத்தில் ஒன்று. அட்டையை வெட்டித் தேதி எழுதி வையுங்கள், எது இடப்பக்கம் என்பதையும் குறியுங்கள், ஏனென்றால் பல குதிரைகளுக்கு இரண்டு தோளும் ஒரே அளவில் இருப்பதில்லை. அப்படி இருந்தால் பெரிய தோளுக்கு ஏற்ற ட்ரீ எடுத்துவிட்டு, சின்ன பக்கத்தை அடியில் நிரப்ப வேண்டும்.

இப்போது முதல் அட்டையைச் சேணத்தின் முன்பக்கம் உள்ளே வைத்துப் பாருங்கள். ட்ரீ முனையின் சரிவும் அட்டையின் சரிவும் இணையாகப் போக வேண்டும். கீழே முட்டி மேலே இடைவெளி இருந்தால் குறுகல், மேலே முட்டிக் கீழே விரிந்தால் அகலம். கோணம் பொருந்திய பிறகும் விதர்ஸ் இடித்தால், முன்மேடு பின்னுக்கு வெட்டப்பட்ட ட்ரீ தேடுங்கள், முன்பக்கப் பேனல் ஆழமாக இருக்கும் மாடலைத் தேடுங்கள். அந்த ஆழமான பேனல்தான் பள்ளத்தில் போய் நிரம்பி உட்காரும். உங்கள் குதிரைக்கு இது முக்கியம், பிராண்டு பெயர் அவ்வளவு முக்கியம் இல்லை.

கடைசியாக, பேட் எதுவும் இல்லாமல் போட்டு, வயிற்று வாரைக் கட்டி, ஆளை ஏற்றி, முன்மேட்டுக்கு அடியில் விரலை விடுங்கள். இரண்டு மூன்று விரல் போக வேண்டும். மேலே மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள், விதர்ஸின் பக்கவாட்டிலும் இடம் வேண்டும், பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். ஆளை இறக்கிவிட்டு, பின்னால் பாதுகாப்பாகச் சற்றுத் தள்ளி நின்று சேணத்தின் அடியில் இரண்டு பேனலுக்கும் இடையே ஓடும் நடுப்பள்ளம் வழியாகப் பாருங்கள். முன்னால் வெளிச்சம் தெரிய வேண்டும்.

கேள்வி (கோவை): நும்னா (சேணத்துக்கு அடியில் போடும் விரிப்பு), மேலே ஜெல் பேட், அதற்கு மேல் ஆட்டு ரோமப் பேட். மூன்றும் போட்டும் முதுகில் வலி இருக்கிறதே?

மூன்றும் போட்டதால்தான் இருக்கிறது. சேணம் சரியான அகலத்தில் இருந்தால் ஒவ்வொரு பேடும் அதைக் குறுகலாக்குகிறது. சேணம் சற்று அகலமாக இருந்து, குதிரை சதை போட்டு வரும் வரை சமாளிக்க வேண்டும் என்றால், முன்னால் மட்டும் மெல்லிய ஷிம் (இடைவெளியை நிரப்பச் செருகும் பட்டை) வைக்கும் பை உள்ள பேட் ஒன்று போதும். மெலிந்த தரோபிரெட்டுக்கு இந்த வழியை நானே சொல்வேன், குறுகலான சேணத்தை வாங்குவதைவிட நல்லது. மற்றபடி ஒரு நும்னாவோடு நிறுத்துங்கள், அதையும் விதர்ஸின் மேல் இழுத்துக்கட்டாமல் நடுப்பள்ளத்துக்குள் தூக்கிவிடுங்கள்.

கேள்வி (பெங்களூரு): எனக்குத் தொடை நீளம். 18 அங்குல இருக்கை எடுக்கச் சொல்கிறார்கள், குதிரைக்கோ முதுகு குட்டை. யாருக்காக வாங்குவது?

குதிரைக்காக. கடைசி விலாவைத் தாண்டிச் சேணத்தின் எடை உட்காரக் கூடாது, அதற்குப் பின்னால் தாங்குவதற்கு விலா எலும்பு கிடையாது. குதிரைக்கு 18 ஜோடி விலா. கடைசியானதை அடிவயிற்றுப் பக்கம் தடவிப் பிடித்து, அதன் போக்கிலேயே முதுகெலும்பு வரை விரலை ஏற்றி, அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். பேனல் அந்தக் கோட்டுக்கு முன்னால் முடிய வேண்டும். உங்கள் தொடைக்கு இருக்கை அளவைக் கூட்டாமல், காலுக்கு அடியில் பக்கவாட்டில் தொங்கும் ஃபிளாப்பைக் கவனியுங்கள்: முன்னோக்கி அதிகம் வெட்டிய, சற்று நீளமான ஃபிளாப், நீக்கி மாட்டும் முழங்கால் பிளாக் (முழங்காலுக்கு முன்னால் இருக்கும் திண்டு). முழங்கால் ஃபிளாப்புக்கு வெளியே போனால்தான் பின்னால் தள்ளப்பட்டு உட்காருகிறீர்கள், அதைப் பார்த்து இருக்கை சின்னது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: டிரஸ்ஸாஜ் (தடை தாண்டாமல் தரையில் செய்யும் நடைப் பயிற்சி) சேணத்திலேயே தாண்டினால் என்ன?

சின்னத் தடைக்குச் சமாளிக்கலாம், சுகமாக இருக்காது. கால் வைக்கும் ஸ்டிரப்பைச் சுருக்கினால் முழங்கால் முன்னே வரும், நேராக வெட்டிய ஃபிளாப்பில் அதற்கு இடமில்லை. தாண்டும்போது குதிரையின் கழுத்தையும் முதுகையும் தடுக்காமல் ஆளும் முன்னோக்கிப் போக வேண்டும் என்று இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடரிக்கோ கப்ரில்லி காட்டிய பிறகுதான் இந்த முன்சாய்ந்த உட்காரல் பரவியது. அவர் 1907இல் இறந்தார். அதற்கு முன் தடையின் மேல் பின்னால் சாய்ந்து கடிவாளத்தை இழுத்துக்கொண்டு போவார்கள். இன்றைய ஜம்பிங் சேணத்தின் வெட்டு அந்த மாற்றத்துக்குப் பின்னால் வந்தது.

கேள்வி (ஊட்டி): தடைக்கு மேல் சேணத்தின் பின்பக்கம் எகிறுகிறது. வாரை இறுக்கியும் நிற்கவில்லை.

இறுக்காதீர்கள், மூச்சு விடட்டும். முதுகின் நடுவில் எடுத்த வடிவத்தைப் பாருங்கள். முதுகு தட்டையாகவும் ட்ரீ வளைவாகவும் இருந்தால் சேணம் நடுவில் நின்று ஆடும். முன்மேட்டையும் பின்மேட்டையும் மாற்றி மாற்றிக் கையால் அழுத்தினாலே தெரிந்துவிடும். இதைக் கல்லெட் பிளேட் மாற்றிச் சரிசெய்ய முடியாது, பேட்ஸ், வின்டெக் பிராண்டு சேணங்களில் மாற்றும் பிளேட் முன்பக்க அகலத்தை மட்டும்தான் மாற்றும், நடுவளைவு அப்படியே இருக்கும். ட்ரீ பொருந்தியும் எகிறினால், சேணத்தைத் தோளின் மேல் ஏற்றி வைக்கிறீர்களா என்று பாருங்கள். வார் உட்காரும் இடம் முழங்கைக்கு மிக அருகில் இருக்கும் குதிரைக்கு, நடுவில் முன்னோக்கி வளைந்த வார் உதவும்.

கேள்வி: எங்கள் சைஸ் (குதிரையைப் பராமரிப்பவர்) அண்ணன் தோள் மேலேயேதான் வைக்கிறார். அவருக்கு இருபது வருஷ அனுபவம், நான் எப்படிச் சொல்வது?

வாயால் சொல்ல வேண்டாம். "அண்ணே, இதைக் கொஞ்சம் பிடியுங்க" என்று முன்காலை அவர் கையில் கொடுத்து முன்னால் நீட்டச் சொல்லுங்கள், தோள்பட்டை எலும்பு எவ்வளவு தூரம் பின்னால் வருகிறது என்று அவரே பார்ப்பார். தாண்டக் காலை மடக்கித் தூக்கும்போதும் அந்த எலும்பு நகர இடம் வேண்டும், இல்லாவிட்டால் முன்கால் கம்பியில் தட்டும், கொஞ்ச நாளில் தடைக்கு முன்னால் நிற்க ஆரம்பிக்கும். விதர்ஸின் மேல் சற்று முன்னால் வைத்து, முடியின் போக்கிலேயே பின்னுக்குத் தள்ளி, தானாக நிற்கும் இடத்தில் விட்டுவிட வேண்டும். அனுபவசாலிகள் கண்ணால் பார்த்தால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

கேள்வி (மைசூரு): எந்தச் சேணம் போட்டாலும் வலப்பக்கமே சரிகிறது.

சேணக்கடைக்கு முன் கால்நடை மருத்துவரிடம் போங்கள். பின்கால் நொண்டலுக்கும் சேணம் ஒரு பக்கம் சரிவதற்கும் தொடர்பு உண்டு என்று பிரிட்டனில் சூ டைசன் போன்ற குதிரை மருத்துவர்கள் ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நொண்டலாகக்கூட இருக்கலாம். ஏறுபவரை மாற்றிப் பாருங்கள், அப்போதும் சரிந்தால் சந்தேகம் குதிரையின் காலில்.

கேள்வி: விதர்ஸே இல்லாத உருண்டைக் குதிரைக்கு?

உங்களுக்கு நேர்மாறான வேலை. அகலமான, மேற்புறம் தட்டையாக வளைந்த ட்ரீ. குறுகலானது போட்டால் மேலேயே நின்று உருளும்.

கேள்வி (மதுரை): செகண்ட் ஹேண்ட் எடுக்கலாமா? கான்பூர் சேணம் நம்பலாமா?

எடுக்கலாம். கான்பூரில் ஏற்றுமதிக்கும் செய்கிறார்கள், மலிவு விலைக்கும் செய்கிறார்கள், ஊர்ப் பெயரை வைத்து ஒதுக்காதீர்கள், கையில் இருப்பதைப் பாருங்கள். பின்மேட்டைத் தொடையில் ஊன்றி முன்மேட்டை உங்கள் பக்கம் இழுங்கள். லேசாகத் துள்ளினால் சரி, இருக்கைத் தோல் நடுவில் மடிந்தாலோ முறுக்குச் சத்தம் கேட்டாலோ ட்ரீ போய்விட்டது, இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அப்புறம் கவிழ்த்துப் போட்டுப் பின்னாலிருந்து பாருங்கள்: இரண்டு பேனலும் ஒரே உயரமா, நடுப்பள்ளம் மூன்று நான்கு விரல் அகலத்தில் கடைசி வரை நேராகப் போகிறதா, பெருவிரலால் அழுத்திக்கொண்டே வந்தால் கம்பளி கட்டி தட்டியிருக்கிறதா. கட்டியை எடுத்துப் புதிதாக அடைக்கலாம். கோணிய ட்ரீயை எதுவும் செய்ய முடியாது.

கேள்வி: கம்பளியா ஃபோமா? எப்போது மறுபடி பார்க்க வேண்டும்?

உங்கள் ஊரில் கம்பளி அடைக்கத் தெரிந்தவர் இருந்தால் கம்பளி, வேண்டிய இடத்தில் கூட்டிக் குறைக்கலாம். இல்லாவிட்டால் ஃபோம், அது குதிரையோடு மாறாது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். புதுக் கம்பளி முதல் சில மாதத்தில் அமுங்கும், அப்போது ஒரு தடவை பார்க்க வேண்டும். ரேஸிலிருந்து வந்த குதிரை நல்ல தீனியும் சரியான வேலையும் கிடைத்தால் முதல் வருஷத்திலேயே உருவம் மாறிவிடும், அதனால் அந்த ஒரு வருஷத்துக்கு விலை உயர்ந்த சேணம் வாங்காதீர்கள், பிளேட் மாற்றக்கூடிய சிந்தெடிக் போதும். பழைய அட்டைகளை அவ்வப்போது அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். சேணம் எடுத்ததும் வியர்வைக்கு நடுவில் காய்ந்த திட்டு தெரிந்தாலோ, முன்பு இல்லாத வெள்ளை முடி முளைத்தாலோ, காத்திருக்காமல் அன்றைக்கே ஓட்டுவதை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.