ரப்பர் மாற்றியாச்சு, லீவர் ஏன் தொங்குது? ஹைட்ராலிக் கிளட்ச் கேள்வி பதில்

பைக்கின் ஹைட்ராலிக் கிளட்ச்சை (கேபிளுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது) வீட்டிலேயே பிரித்துப் பூட்டி மாட்டிக்கொண்டவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். இத்தனை பேர் மாட்டியிருப்பீர்கள் என்று நினைக்கவில்லை! என்னிடம் இருப்பது பழைய ஹோண்டா விஎஃப்ஆர் 800 பைக், அதில் நான் செய்யாத தப்பு இல்லை.

ஈசூனிலிருந்து: அண்ணே, மாஸ்டர் சிலிண்டரில் (லீவர் பக்கம் எண்ணெயைத் தள்ளுவது) புது ரப்பர் போட்டேன். ரெண்டு மணி நேரம் பிளீட் பண்ணியும் (குழாயில் உள்ள காற்றை வெளியேற்றியும்) லீவரில் உயிரே இல்லை. ஸ்லேவையும் (இன்ஜின் பக்கத்து சிலிண்டர்) பிரிக்கவா?

வேண்டாம் தம்பி, ஸ்பேனரைக் கீழே வையுங்கள். காற்று மேலே ஏறும், நீங்கள் அதைக் கீழே ஸ்லேவ் வரை தள்ளப் பார்க்கிறீர்கள். மாஸ்டர் ஒரு அழுத்துக்குத் தள்ளுவதே கொஞ்சம் எண்ணெய்தான், லீவரை விட்டதும் குமிழி பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அது பெரும்பாலும் ஒளிந்திருப்பது ஹேண்டில் பக்கத்து பாஞ்சோ போல்ட்டில் (எண்ணெய்க் குழாயை மாஸ்டரோடு இணைக்கும் துளையுள்ள போல்ட்). டேங்க் மேல் ஈரத்துணி போடுங்கள் (பிரேக் எண்ணெய் பெயிண்ட்டைத் தின்றுவிடும்), லீவரை அழுத்திப் பிடித்தபடி அந்த போல்ட்டைக் கால் சுற்று தளர்த்துங்கள், புஸ்ஸென்று காற்றும் எண்ணெயும் வரும், இறுக்கிவிட்டு அப்புறம் லீவரை விடுங்கள். நாலைந்து தடவை. அதற்கும் மசியவில்லை என்றால் கீழே ஸ்லேவ் நிப்பிளில் (காற்றை வெளியே விடும் திருகு) சிரிஞ்சை மாட்டி எண்ணெயை மேல்நோக்கி ஏற்றுங்கள், மேலே தொட்டி வழியாமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு சோதனை. தொட்டி மூடியைத் திறந்து லீவரை மெதுவாக ரெண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் இழுங்கள். அடியில் ஊசி முனை அளவு ஒரு ஓட்டை இருக்கும், அதிலிருந்து சின்ன ஊற்று மாதிரி எண்ணெய் பொங்க வேண்டும். பொங்கினால் வழி திறந்திருக்கிறது, மிச்சம் பொறுமைதான். பொங்கவில்லை என்றால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து: காலையில் நன்றாக ஓடுகிறது. கடற்பாலத்தில் அரை மணி நேரம் ஊர்ந்தால் கிளட்ச் வழுக்குகிறது, ரெவ் ஏறுது, வேகம் ஏறல. கிளட்ச் பிளேட் போச்சா?

பிளேட் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். நான் மேலே சொன்ன ஊசி ஓட்டைதான் சூட்டில் விரியும் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் வழி. அது மூடியிருந்தால் விரிந்த எண்ணெய் போக இடமில்லாமல் ஸ்லேவைத் தள்ளும், யாரோ லீவரைப் பாதி அழுத்திப் பிடித்த மாதிரி ஆகிவிடும். வழுக்கும்போது ஓரமாக நிறுத்தி, ஸ்லேவ் நிப்பிளை ஒரு நொடி தளர்த்துங்கள் (பக்கத்தில் இன்ஜின் கொதிக்கும், கை பத்திரம்). எண்ணெய் பீச்சியடித்து கிளட்ச் மறுபடி பிடித்துக்கொண்டால் சந்தேகமே இல்லை.

ரெண்டு காரணம் உண்டு. ஓட்டையில் பழைய பிசின் அடைத்திருக்கும், ஒயரிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை உருவிக் குத்துங்கள், டிரில் பக்கமே போகாதீர்கள். இல்லாவிட்டால் லீவர் பிஸ்டனை முழுசாகப் பின்னால் வரவிடவில்லை. எனக்கு நடந்தது இதுதான். அழகாக இருக்கிறதே என்று மலிவு லீவர் ஒன்று வாங்கிப் போட்டேன், அது பிஸ்டனை ஒரு முடி அளவு உள்ளே தள்ளியே வைத்திருந்தது, அது தெரியாமல் மூன்று வாரம் பிளேட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். லீவர் பிடிக்கும் முன் துளி ஆட்டம் இருக்க வேண்டும்.

தெம்பனிஸிலிருந்து: பிரேக் எண்ணெயில் டாட் 4 ஊற்றுவதா, டாட் 5 ஊற்றுவதா? பெரிய நம்பர்தானே நல்லது?

இல்லவே இல்லை. டாட் 5 சிலிக்கான், மற்றதோடு சேராது. டாட் 5.1 வேறு, அது டாட் 4-ன் சொந்தக்காரன். தொட்டி மூடியில் எழுதியிருப்பதே வேதம். மாகுரா சிலிண்டர் வரும் சில கேடிஎம் பைக்குகளுக்கு மினரல் ஆயில்தான், அதில் பிரேக் எண்ணெய் ஊற்றினால் ரப்பர் காலி. சின்ன பாட்டிலாக, சீல் உடைக்காததாக வாங்குங்கள். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, 3.7 சதவீதம் தண்ணீர் குடித்துவிட்டால் அந்த வரம்பு 155. நம் ஊர் ஈரப்பதத்தில் போன வருடம் திறந்த பாட்டிலை நம்பவே மாட்டேன்.

பிடோக்கிலிருந்து: ரப்பர் கப்பை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது?

குழிந்த பக்கம், அதாவது உதடு, அழுத்தம் வரும் எண்ணெயைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஆயுள் முழுக்க பிளீட் பண்ணலாம்.

செங்காங்கிலிருந்து: ஸ்லேவைக் கழற்றி வைத்திருந்தேன், மகன் லீவரை அழுத்திவிட்டான். பிஸ்டன் வெளியே வந்துவிட்டது.

மகனைத் திட்டாதீர்கள், நானும் செய்திருக்கிறேன், எனக்கு அப்போது வயது நாற்பது. சீலில் கீறல் இல்லை என்றால் துடைத்து, புது எண்ணெய் தடவி, கோணாமல் கையாலேயே தள்ளுங்கள். அடுத்த தடவை லீவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு மரத்துண்டைச் செருகி வையுங்கள்.

ஜூரோங்கிலிருந்து: முன் ஸ்ப்ராக்கெட் கவர் அடியில் ஏதோ ஒழுகுது. இன்ஜின் ஆயிலா, கிளட்ச் எண்ணெயா?

ஒரு சொட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விடுங்கள். டாட் 4 கரைந்துவிடும், அப்படியானால் ஸ்லேவ் சீல். மேலே மிதந்தால் இன்ஜின் ஆயில், புஷ்ராட் (ஸ்லேவ் தள்ளும் கம்பி) சீலைப் பாருங்கள். செயின் லூபும் மிதக்கும், அதனால் முதலில் துடைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.