கியர்பாக்ஸ் விளக்கு மின்னினால் முதலில் எங்கே பார்ப்பது?

பழைய ஆஃப்ரோடு வண்டிகளின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கதைதான்: விளக்கு எரிந்தது, மெக்கானிக் பெட்டியை (கியர்பாக்ஸை) இறக்கச் சொல்கிறார், என்ன செய்வது? இறக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். அந்த விளக்கைப் போடுவது கம்ப்யூட்டர். அதற்குத் தெரிந்ததெல்லாம் வோல்ட்டேஜும் சிக்னலும்தான். வந்த கேள்விகளில் சிலவும் என் பதில்களும் இதோ.

2001 லேண்ட் ரோவர் டிஸ்கவரி 2 வைத்திருக்கிறேன். சேற்றில் போய் வந்த மறுநாள் எஸ் (ஸ்போர்ட்), எம் (மேனுவல்) விளக்குகள் மாறி மாறி மின்னின, வண்டி ஒரே கியரில் நின்றுவிட்டது. சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிறது, அப்புறம் திரும்ப வருகிறது. கிளட்ச் தட்டுகள் போய்விட்டன என்கிறார்கள்.

சாவியை அணைத்துப் போட்டதும் சரியாகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் இதில் முக்கியம், ஏனென்றால் தேய்ந்துபோன கிளட்ச் தட்டு சாவியைத் திருப்பினால் புதிதாகிவிடாது. உங்கள் வண்டியில் எஸ் மட்டுமோ எம் மட்டுமோ நிலையாக எரிந்தால் அது நீங்கள் பட்டனில் தேர்ந்தெடுத்த மோடு, இரண்டும் மாறி மாறி மின்னினால்தான் கோளாறு. வரவேண்டிய சிக்னல் வராமலோ தப்பாகவோ வந்தால் கம்ப்யூட்டர் சாலினாய்டுகளுக்கு, அதாவது மின்சாரத்தால் திறந்து மூடும் ஆயில் வால்வுகளுக்கு, போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும், ஆயில் அழுத்தம் மட்டும் ஒரு கியரைப் பிடித்துக்கொள்ளும். அதுதான் லிம்ப் மோடு, பெட்டியைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு.

முதலில் பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும், ஸ்டார்ட் செய்யும்போது 9.6க்குக் கீழே விழக்கூடாது, என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். இது சரி என்றால் அடுத்து எக்ஸ்ஒய்இசட் சுவிட்ச். லிவர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சில ஒயர்களில் மின்சாரம் இருப்பதும் இல்லாததுமான சேர்க்கையாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சுவிட்ச் அது. பெட்டியின் வெளியே பக்கவாட்டில் இருப்பதால் சேறும் தண்ணீரும் நேராக அதன்மேல்தான் அடிக்கும். உள்ளே ஒரு தொடுப்பு அழுக்கானாலும் எந்தக் கியருக்கும் பொருந்தாத ஒரு சேர்க்கை போகும், விளக்கு மின்னும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, சாவியை மட்டும் ஆன் செய்து, என்ஜினை ஓட்டாமல் லிவரை ஒவ்வொரு இடமாக மெதுவாகப் பத்து முறை நகர்த்துங்கள். எங்கேயோ ஒரு இடத்தில் ரிவர்ஸ் விளக்கு விட்டு விட்டு எரிந்தாலோ, நியூட்ரலில் லிவரைக் கொஞ்சம் அசைத்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது என்றாலோ சந்தேகம் அங்கேதான். கனெக்டரைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கிருந்து மேலே வரும் ஒயர் கட்டு சைலன்சர் குழாயில் பட்டு வெந்திருக்கிறதா என்பதையும் விரலால் தடவிப் பாருங்கள், ஆனால் குழாய் ஆறிய பிறகு.

டொயோட்டா லேண்ட் குரூசர் 80. ஓ/டி ஆஃப் (ஓவர்டிரைவ், அதாவது மேல் கியர், அணைந்திருப்பதைக் காட்டும்) விளக்கு விடாமல் மின்னுகிறது. என்னிடம் உள்ள ஸ்கேனர் இதில் பொருந்தவில்லை.

அந்தக் காலத்து டொயோட்டாவுக்கு ஸ்கேனர் தேவையில்லை. என்ஜின் அறையில் உள்ள டயக்னாஸ்டிக் பெட்டியின் மூடிக்குள் எழுத்துகள் அச்சிட்டிருக்கும். சாவி ஆனில், என்ஜின் ஓடாமல், ஓவர்டிரைவ் பட்டன் ஆன் நிலையில் வைத்துக்கொண்டு, டிஇ1 (TE1), இ1 (E1) இரண்டையும் சின்ன ஒயரால் இணையுங்கள். வேறு துளையில் குத்திவிடக் கூடாது, மூடியை இரண்டு முறை படித்துவிட்டுச் செய்யுங்கள். இப்போது விளக்கு மின்னுவதை எண்ணலாம்: ஆறு முறை, சின்ன இடைவெளி, இரண்டு முறை என்றால் 62. அது முதல் சாலினாய்டு, 63 இரண்டாவது, 64 லாக்அப் (என்ஜினையும் பெட்டியையும் வழுக்காமல் பூட்டும்) சாலினாய்டு, 42ம் 61ம் வேக சென்சார்கள்.

ஆனால் 62 வந்ததும் சாலினாய்டு வாங்க ஓடாதீர்கள். அந்த எண் சொல்வது அந்தச் சர்க்யூட் முழுவதையும்: கம்ப்யூட்டரிலிருந்து கனெக்டர், ஒயர், சாலினாய்டு, எர்த் வரை. கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்தால் 11 முதல் 15 ஓம் வரை வர வேண்டும். வண்டி ஆறியிருக்கும்போது ஒரு முறை, நன்றாக ஓடிச் சூடேறிய பிறகு இன்னொரு முறை அளந்து பாருங்கள், சூட்டில் மட்டும் அறுபடும் சுருளை வேறு எப்படியும் பிடிக்க முடியாது.

மணலில் ஏ/டி ஆயில் டெம்ப் (கியர்பாக்ஸ் ஆயில் சூடு) விளக்கு எரிந்தது. உடனே என்ஜினை அணைத்துவிட்டேன். சரியா?

அணைத்திருக்க வேண்டாம். கியர்பாக்ஸ் ஆயில் பம்பை ஓட்டுவது என்ஜின்தான், அது நின்றால் சூடான ஆயில் கூலருக்குப் போகாமல் அங்கேயே கிடக்கும். வண்டியை நிறுத்தி, நியூட்ரலிலோ பார்க்கிலோ போட்டு, விளக்கு அணையும்வரை ஓட விடுங்கள். அடுத்த முறை மணலுக்குள் போகும் முன்பே லோ ரேஞ்சுக்கு (4x4 தாழ்கியருக்கு) மாறிவிடுங்கள். காலையில் ஆறிக்கிடக்கும் பெட்டியிலேயே என்ஜின் ஓடத் தொடங்கிய பிறகும் எரிகிறது என்றால் அது சூடு இல்லை, சென்சாரோ அதன் ஒயரோதான்.

1998 ஜீப் செரோக்கி, ஏடபிள்யூ4 பெட்டி. கோளாறு எலக்ட்ரிக்கலா மெக்கானிக்கலா என்று பிரித்துப் பார்க்க வழி உண்டா?

உண்டு, இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரின் பியூஸைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். லிவர் 1-2ல் முதல் கியர், 3ல் மூன்றாவது, டியில் நான்காவது, அவ்வளவுதான் கிடைக்கும். 1-2ல் கிளம்பிக் கையால் மாற்றிக்கொண்டே போங்கள். வழுக்காமல், உதைக்காமல் இழுக்கிறது என்றால் பெரும்பாலும் பெட்டி நலமாக இருக்கிறது, தேட வேண்டியது லிவர் இடத்தைச் சொல்லும் நியூட்ரல் சேஃப்டி சுவிட்ச், த்ராட்டில் சென்சார், வேக சென்சார், ஒயர் இவற்றில்.

எர்த்தையும் விடாதீர்கள். எல்லா சென்சாரும் சரியாக இருந்த ஒரு வண்டியில் நான் மூன்று நாள் தேடியிருக்கிறேன். கடைசியில் என்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவே இருந்த எர்த் பட்டை உள்ளுக்குள் அரித்துப்போய் நாலைந்து இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையைப் பெட்டியின் உடம்பிலும் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டையை மாற்றுங்கள்.

மெர்சிடிஸ் எம்எல், 722.6 பெட்டி. இரண்டாவது கியரிலேயே நிற்கிறது. கம்ப்யூட்டரைத் திறந்தால் கனெக்டரில் எண்ணெய்! அங்கே எப்படி வந்தது?

ஒயர் வழியாகத்தான். பெட்டியில் சொருகியிருக்கும் 13 பின் பிளக்கின் ரப்பர் வளையங்கள் காய்ந்துபோனால் ஆயில் கசியும், ஒயரின் இழைகளுக்கு நடுவே விளக்குத் திரியில் ஏறுவதுபோல மெல்ல ஏறிக் கம்ப்யூட்டர் வரை போய்ச் சேரும். கசியும் பிளக்கை மாற்றாமல் புதுக் கம்ப்யூட்டர் போட்டால் அதுவும் நனையும். பிளக்கை மாற்றி, ஒயரின் இரு முனைகளையும் கனெக்டரையும் கான்டாக்ட் கிளீனரால் கழுவி உலரவிட்டு, சில நாள் கழித்து மறுபடி திறந்து பாருங்கள், ஒயரில் மிச்சமிருந்த ஆயில் இன்னும் வந்துகொண்டிருக்கும். அதன் பிறகும் விளக்கு வந்தால் பெட்டிக்குள் மின் இணைப்புகளைத் தாங்கும் கண்டக்டர் பிளேட்டைச் சந்தேகப்படுங்கள், வேக சென்சார்கள் அதில்தான் இருக்கின்றன.

பேட்டரியைக் கழற்றி மாட்டினால் எரர் கோடு போய்விடுமாமே?

சில வண்டிகளில் போகும். கோளாறு போகாது, தடயம் மட்டும்தான் அழியும். முதலில் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள், அது வந்தபோது வண்டி சூடாக இருந்ததா, மழையா, எந்தக் கியர் என்பதையும் சேர்த்து.