தகவல் உரிமை மனு: கேள்விகளும் பதில்களும்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் மனு போடுவதில் எழும் சந்தேகங்கள்.

கேள்வி: சார், எங்கள் தெருவுக்கு ஏன் சாலை போடவில்லை என்று கேட்டிருந்தேன். "இது தகவல் வரையறைக்குள் வராது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். மனுவில் என்ன தப்பு?

பதில்: ‘ஏன்’ என்று கேட்டதுதான். ஏற்கெனவே பதிவில் இருப்பதைத் தருவதுதான் பொதுத் தகவல் அலுவலரின் (அலுவலகத்தில் இந்த மனுக்களுக்குப் பதில் தரும் அலுவலர்) கடமை. காரணத்தை யோசித்து எழுதித் தர வேண்டியதில்லை. சிபிஎஸ்இ விடைத்தாள் வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. ஆகவே ஆவணமாகக் கேளுங்கள்: அந்தத் தெருச் சாலைக்கான மதிப்பீடு, மன்றத் தீர்மானம், கோப்பின் குறிப்புப் பக்கங்கள், இவற்றின் நகல். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்பதையும் எழுதுங்கள்.

குறிப்புப் பக்கங்களைப் பலர் கேட்காமல் விடுகிறார்கள். கோப்பு யார் மேசையில் எந்தத் தேதியில் நின்றது, என்ன எழுதி நிறுத்தினார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். உங்கள் ‘ஏன்’ அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாமா?

பதில்: தமிழ்நாடு அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய்க்கு ஒட்டலாம். மத்திய அரசு அலுவலகத்தில் அது செல்லாது. கணக்கு அலுவலர் பெயருக்கு போஸ்டல் ஆர்டர் எடுங்கள், அல்லது ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) இணையதளத்தில் கட்டுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர் சான்று இணைத்தால் கட்டணமே இல்லை.

கேள்வி: 28-ஆம் நாள், நகலுக்குப் பணம் கட்டச் சொல்லிக் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். 30 நாள் கணக்கு என்ன ஆகும்?

பதில்: பதில் தர அவர்களுக்குச் சட்டம் தரும் கெடு 30 நாள். மனு அவர்கள் கைக்குப் போன நாளில் கணக்கு தொடங்குகிறது. மனுவை வாங்கி அனுப்பிவைக்கும் உதவிப் பொதுத் தகவல் அலுவலரிடம் கொடுத்திருந்தால் 5 நாள் கூடும். பணம் கேட்டுக் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து நீங்கள் கட்டும் நாள்வரை கணக்கில் சேராது. எனவே கட்டிய பிறகு அவர்களுக்கு மிஞ்சுவது 2 நாள்தான். எத்தனை பக்கம், பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் எவ்வளவு என்று கடிதத்தில் கணக்கு இருக்கிறதா பாருங்கள். 30 நாள் தாண்டிய பிறகு பணம் கேட்டால் கட்டாதீர்கள். பிரிவு 7(6)-இன்படி இலவசமாகத் தர வேண்டும்.

கேள்வி: "எங்கள் துறை இல்லை" என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள்.

பதில்: திருப்பக் கூடாது. 5 நாளுக்குள் உரிய துறைக்கு அவர்களே அனுப்பிவிட்டு உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும், பிரிவு 6(3).

கேள்வி: "கோப்பு கிடைக்கவில்லை" என்று பதில் வந்தால்?

பதில்: அதோடு விட்டுவிடாதீர்கள். தகவல் மறுக்கப் பிரிவு 8, 9 அடுக்கும் காரணங்களில் ‘காணவில்லை’ கிடையாது. முழுமையாகத் தேட வேண்டும், தொலைந்திருந்தால் பொறுப்பாளி யார் என்று கண்டறிய வேண்டும் என்று 2013-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அதைக் குறிப்பிட்டு, கோப்பு நகர்வுப் பதிவேட்டின் நகலையும், அழித்துவிட்டார்கள் என்றால் அழிப்பு ஆணையையும் கேளுங்கள். பாதிக் கோப்புகள் அந்தக் கட்டத்தில் கிடைத்துவிடுகின்றன. நேரில் பார்வையிடவும் உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: வேறொருவர் விவரம் இருப்பதால் முழுக் கோப்பையும் மறுக்கலாமா மேடம்?

பதில்: கூடாது. பிரிவு 10-ஐச் சுட்டிக்காட்டி, அந்த வரிகளை மறைத்துவிட்டு மீதியைத் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: பதிலே வரவில்லை, இனி?

பதில்: 30 நாள் முடிந்தால் மறுத்ததாகவே பொருள். அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். தமிழ்நாட்டில் இதற்குக் கட்டணம் இல்லை. மேல்முறையீட்டு அலுவலர் 30 நாளில், மிஞ்சினால் 45 நாளில் முடிக்க வேண்டும். பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. தாமதத்துக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அலுவலருக்குத் தண்டம் விதிக்கலாம். அந்தப் பணம் உங்களுக்கு வராது. தபால் ரசீதையும் ஒப்புகை அட்டையையும் பத்திரமாக வையுங்கள். மனு சேர்ந்த தேதிக்குச் சான்று இல்லையென்றால் இந்த நாள்கணக்கில் ஒன்றையும் நிரூபிக்க முடியாது.