40 பேர் பெயர் கொடுத்து 6 பேர் மட்டும் வந்தால்

கரையைச் சுத்தம் செய்ய 40 பேர் பெயர் கொடுத்தும் 6 பேர்தான் வந்தார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் நேரத்தை மாற்றுங்கள். திருநெல்வேலி மாவட்டத்து மீனவ ஊரான உவரியில் ஞாயிறு காலை 7 மணிக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அது தேவாலயத்தில் பூசை நேரம். அதே ஞாயிறு மாலை 4 மணி என்று வைத்துப் பாருங்கள். அன்றைக்குக் கடலுக்குப் போகிற வழக்கம் இல்லை, வெயில் தாழ்ந்ததும் ஆட்கள் எப்படியும் வள்ளத்து நிழலில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

வாட்ஸப்பில் 'வரேன்' என்று போட்டவர்களில் எத்தனை பேர் இப்போது ஊரில் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். பாதிப் பேர் சென்னையிலோ வளைகுடாவிலோ இருப்பார்கள். அவர்கள் போடுவது ஆசீர்வாதம், வருகை இல்லை. அடுத்த தேதி குறிக்கும் முன் மீன் ஏலம் விடுகிற இடத்தில் நாலு அக்காமாரிடம் கேளுங்கள். அவர்கள் சரி என்றால் வீட்டுக்கு ஒருவர் வந்துவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை: மணலில் கிடக்கிற வலையெல்லாம் குப்பை இல்லை. எங்கள் கரையில் டவுனிலிருந்து வந்த பையன்கள் காயப்போட்டிருந்த நல்ல வலையைச் சுருட்டிச் சாக்கில் திணித்துவிட்டார்கள். வலைக்காரர் வந்து சாக்கை அப்படியே கவிழ்த்துக் கொட்டினார், மீன் செதிலோடு. அப்புறம் ஒருத்தரும் குனியவில்லை. பாதி புதைந்த வலையையும் கேட்டுவிட்டே வெட்டுங்கள், இழுக்காதீர்கள்.

சாக்குகளை யார் அள்ளுவது என்று பஞ்சாயத்தில் முன்பே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் ராத்திரியே நாய் கிழித்துவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை என்றால் மணலைக் கிளறவே வேண்டாம், ஆமை முட்டையிடும் காலம்.