மறு: காதுக்குக் கேட்ட பறவை பதிவில் இல்லை

வடக்கு கனடாவின் ஊசியிலைக் காட்டில், நின்று எண்ணியபோது மூன்று பிளாக்போல் வார்ப்ளர்கள் பாடின, அதே மரத்தில் கட்டிய பதிவுக்கருவியில் ஒன்றுகூட இல்லை, மைக் பழுதா என்று கேட்டிருந்தீர்கள். மைக் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. நீங்கள் போட்டிருக்கும் அமைப்பைப் பாருங்கள்: மாதிரி வீதம் (ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது) 16 கிலோஹெர்ட்ஸ். அதில் பாதி, அதாவது 8 கிலோஹெர்ட்ஸ் வரைதான் பதிவாகும். இந்தப் பறவையின் பாட்டு பெரும்பாலும் அதற்கு மேலேதான். மெல்ல ஆரம்பித்து, நடுவில் ஓங்கி, மறுபடி தேய்ந்துபோகும் 'ட்சி ட்சி ட்சி'. (வயதானால் மனிதக் காதுக்கும் முதலில் நழுவுவது இந்த மாதிரிக் குரல்கள்தான். நான் இப்போது ஒலியைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமைத்தான் நம்புகிறேன்.)

பழைய கோப்பை 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றி, குரலை வைத்துப் பறவையை அடையாளம் காணும் பேர்ட்நெட் மென்பொருளில் ஓட்டிப் பயனில்லை. பதியாத ஒலி திரும்ப வராது. அட்டவணையில் இந்த இனத்துக்குப் பூஜ்ஜியம் போட்டுவிடாதீர்கள், 'தரவு இல்லை' என்றே குறியுங்கள். வெண்தொண்டைச் சிட்டு போன்ற தாழ்ந்த குரல்களுக்கு இதே பதிவு தாராளமாகப் போதும்.

அடுத்த ஜூனில் மாதிரி வீதத்தை 48 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள். சுருக்காத கோப்பு நிமிடத்துக்கு 2 எம்பியிலிருந்து 6 எம்பி ஆகும், அதனால் நாள் முழுக்க ஓட விடாமல் விடியலை ஒட்டி மணிக்குப் பத்து நிமிடம் போதும். அப்புறம், ஆந்தைகளுக்காக மார்ச்சிலேயே கட்டுவதாக இருந்தால் லித்தியம் பேட்டரி போடுங்கள். அந்தக் குளிரில் அல்கலைன் சீக்கிரம் படுத்துவிடும்.