காசு கேக்காத காட்டுல டென்ட்: வாசகர் கேள்வியும் நம்ம பதிலும்

இந்த தடவ வந்த கேள்விங்கள்ல பாதி ஒரே மாதிரி. அமெரிக்கால இருக்கற புள்ளைங்க, தெக்கு பக்க ஸ்டேட்ல பைன் காடு இருக்கு, அங்க ஓசியிலயே டென்ட் போட்டு தங்கலாம் வாங்கன்னு கூப்பிடறாங்களாம், இங்க இருக்கறவங்களுக்கு வயித்த கலக்குது. சரி, மத்த கேள்விய அடுத்த மாசத்துக்கு தள்ளிட்டு இதயே பாத்துடுவோம்.

கேள்வி: பையன் ஹூஸ்டன்ல இருக்கான். நவம்பர்ல நாங்க ரெண்டு பேரும் போறோம். சாம் ஹூஸ்டன் நேஷனல் ஃபாரஸ்ட்டுன்னு பக்கத்துல காடு இருக்காம், பேரப்புள்ளைங்களோட ரெண்டு நாள் அங்க டென்ட்ல தங்கலாம்னு சொல்றான். கரண்ட் கிடையாது, பைப்பு கிடையாது, ஆனா கட்டணமும் கிடையாதாம். சும்மா குடுக்கறாங்கன்னா எதாவது உள்குத்து இருக்குமா சார்? அவருக்கு சுகர் வேற இருக்கு.
வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

உள்குத்து ஒண்ணும் இல்லம்மா. அது கவர்மென்ட் காடு, அவங்க விவசாயத் துறைக்கு கீழ இருக்கற ஃபாரஸ்ட் சர்வீஸ் பாத்துக்குது. 2004ல அவங்க ஒரு சட்டம் போட்டாங்க, அதுபடி பெருசா எந்த வசதியும் செஞ்சு குடுக்காத எடத்துல சும்மா வந்து தங்கறதுக்கு காசு வாங்கக்கூடாது. அவ்ளோதான் ரகசியம். பைப்பு போட்டா, கரண்ட் இழுத்தா, குப்ப வண்டி விட்டா காசு கேப்பாங்க, அதெல்லாம் இல்லாததால ஓசி. போய் எறங்கினா ஒரு சமதளமான எடம், கொஞ்சம் ஜல்லி, நெருப்பு மூட்ட ஒரு இரும்பு வளையம் இருந்தா இருக்கும், சில எடத்துல ஒரு குழி கக்கூஸ் இருக்கும், அதுவும் பேப்பர் இருக்கும்னு நம்பிப் போகாதீங்க. புக்கிங்லாம் பெரும்பாலும் கிடையாது, முதல்ல வந்தவனுக்கு எடம், அதனால வெள்ளிக்கிழம இருட்டறதுக்குள்ள போய் சேரச் சொல்லுங்க, இருட்டுல டென்ட் கம்பிய கையில வச்சிக்கிட்டு புருஷனும் பொண்டாட்டியும் கத்திக்கற காட்சி எல்லா கேம்ப்லயும் உண்டு.

ஆனா நீங்க கேக்காத ஒண்ணு இருக்கு, அதான் எனக்கு பெருசா தெரியுது. நவம்பர்ல டெக்சாஸ்ல மான் வேட்ட சீசன். துப்பாக்கியோட லைசென்ஸ் எடுத்து வர்றவங்க அந்த காட்டுக்குள்ளதான் இருப்பாங்க, சட்டப்படியே. மத்த மாசத்துல காட்டுல எங்க வேணா டென்ட் போடலாம்னு இருக்கற எடம், இந்த சீசன்ல ஒதுக்கின கேம்ப்ல மட்டும்தான் தங்கணும்னு மாறிடும். அந்த கேம்ப்ல பாதிப் பேர் வேட்டைக்கு வந்தவங்களாதான் இருப்பாங்க, பயப்படாதீங்க, பெரும்பாலும் நல்ல மனுஷங்க, விடியக்காலம் நாலு மணிக்கு வண்டிய ஸ்டார்ட் பண்ணுவாங்க அதான் தொந்தரவு. நடக்கப் போனா எல்லாரும் பளிச்னு ஆரஞ்ச் கலர் ஜாக்கெட்டோ தொப்பியோ போட்டாகணும், பேரப்புள்ளைங்க கட்டாயம். பழுப்பு கலர் சால்வைய போத்திக்கிட்டு பொதர் ஓரமா நிக்காதீங்க. கிளம்பறதுக்கு முந்தி பையன ரேஞ்சர் ஆபீசுக்கு ஒரு போன் போட சொல்லுங்க, எந்த கேம்ப் தொறந்திருக்கு, நெருப்பு மூட்ட தட இருக்கான்னு அவங்க சொல்லிடுவாங்க. காட்டுக்குள்ள சிக்னல் நிறைய எடத்துல வராது, மேப்ப முன்னாடியே போன்ல எறக்கி வச்சிக்கணும்.

தண்ணி ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் கணக்கு போடுங்க, குடிக்க சமைக்க மட்டும் அது, கழுவ தனியா. நம்ம வீட்டு இருபது லிட்டர் கேன் மாதிரி அங்கயும் கெடைக்கும், மூணு ஏத்திக்கிட்டா கவலையில்ல. ஓடைத் தண்ணி எவ்ளோ தெளிவா இருந்தாலும் தளதளன்னு கொதிக்க ஆரம்பிச்சப்புறம் ஒரு நிமிஷமாவது விட்டு எறக்குங்க.

சார் இன்சுலின் போடறாரா இல்ல மாத்திரயான்னு நீங்க எழுதல. இன்சுலின்னா ஐஸ் பொட்டில வைக்கலாம், ஐஸ்மேல படற மாதிரி வைக்கக்கூடாது, உறைஞ்சுட்டா அத தூக்கிப் போட வேண்டியதுதான். செருப்பு இல்லாம அவர நடக்க விடாதீங்க, பைன் காய் கீழ கெடக்கும், முள்ளு முள்ளா இருக்கும், கால்ல உணர்ச்சி கம்மியா இருக்கறவங்களுக்கு குத்தினது தெரியாது. ராத்திரி குளிர் பத்து டிகிரிக்கு கீழயும் எறங்கும், வடக்கு காத்து வந்தா சும்மா விறைக்கும். மார்கழிக்கே காதுல மப்ளர் கட்ற நம்ம ஊர் ஆளுங்களுக்கு மெல்லிசு பெட்ஷீட் பத்தாது. மேல போத்திக்கறத விட கீழ விரிக்கறதுதான் முக்கியம், தரைதான் சூட்ட உறிஞ்சும்.

கேள்வி: கக்கூசே இல்லாத எடமா இருந்தா என்ன பண்றது? வெக்கப்படாம சொல்லுங்க.
முதலியார்பேட்டை, புதுச்சேரி

வெக்கம் என்ன இதுல. கையளவு மண்வெட்டி ஒண்ணு விக்கறாங்க, வாங்கிக்கோங்க. ஓட, பாத, டென்ட் எல்லாத்துலேர்ந்தும் இருநூறு அடி தள்ளிப் போய் ஆறுலேர்ந்து எட்டு இன்ச் ஆழம் குழி தோண்டி, வேல முடிஞ்சதும் மண்ணப் போட்டு மூடணும். பேப்பர கவர்ல போட்டு திரும்ப எடுத்துட்டு வர்றதுதான் நல்லது, மிருகங்க தோண்டி எடுத்துடும். குழந்தைங்க டயப்பரும் அப்படித்தான், அங்க பொதைக்கக்கூடாது, எரிக்கவும் கூடாது. குப்பத்தொட்டியே இல்லன்னா கார் டிக்கிதான் குப்பத்தொட்டி.

கேள்வி: தங்கச்சி பையன் லூசியானால படிக்கறான். கிசாட்சி காட்டுக்கு ஃப்ரெண்ட்ஸோட டென்ட் போடப் போறானாம். பாம்பு நெறைய உண்டுன்னு கேள்விப்பட்டேன். எப்படி தடுக்கறது?
நெல்லிக்குப்பம்

பாம்பு உண்டு. காப்பர்ஹெட்னு காஞ்ச எலையோட எலையா கெடக்கறது ஒண்ணு, தண்ணி ஓரத்துல காட்டன்மவுத், வால ஆட்டி சத்தம் போடற ராட்டில்ஸ்னேக். ஆனா நெல்வயல் வரப்புல நடந்து வளந்த நமக்கு சொல்லித்தரணுமா, டார்ச் இல்லாம நடக்காத, கட்டைய தாண்டும்போது அந்தப் பக்கம் பாத்துட்டு கால வை, வெறகு பொறுக்கும்போது கைய அடியில விடாத. கடிச்சிட்டா கத்தியால கீறறது, வாயால உறிஞ்சறது, இறுக்கி கட்றது எதுவும் வேணாம், அவங்க ஊர் அவசர நம்பர் 911 கூப்பிட்டு ஆஸ்பத்திரி, அவ்ளோதான்.

என்னைக் கேட்டா அவன் பயப்பட வேண்டியது உண்ணிக்கு. நம்ம ஊர்ல நாய்மேல பாப்போம்ல அதே ஜாதி. அங்க லோன் ஸ்டார்னு ஒரு உண்ணி, பெண் உண்ணி முதுகுல ஒரே ஒரு வெள்ளப் புள்ளி இருக்கும். அது கடிச்ச சிலருக்கு அப்புறம் ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, பன்னிக்கறி சாப்பிட்டா அலர்ஜி வந்துடுது, சாப்பிட்ட ஒடனே இல்ல, ரெண்டுலேர்ந்து ஆறு மணி நேரம் கழிச்சு தடிப்பு, வயித்துவலி, சிலருக்கு மூச்சுத்திணறல் வரைக்கும். பிரியாணி பைத்தியமா இருந்தா இத மொதல்ல சொல்லுங்க, கேட்டுக்குவான். பேன்ட்ட சாக்ஸுக்குள்ள சொருகணும், துணிக்கு பெர்மெத்ரின்னு ஒரு பூச்சி மருந்து ஸ்ப்ரே, தோலுக்கு டீட் இருக்கற கொசு மருந்து. பெர்மெத்ரின் துணிக்கு மட்டும்தான், வீட்ல பூன இருந்தா ஈரம் காயற வரைக்கும் கிட்ட விடாதீங்க, பூனைக்கு அது வெஷம். தெனமும் சாயங்காலம் அக்குள், தொட இடுக்கு, காதுக்குப் பின்னாடி, தலமுடி எல்லாம் தடவிப் பாக்கணும். ஒட்டியிருந்தா மண்ணெண்ண ஊத்தறது, தீக்குச்சி வைக்கறதுலாம் வேணாம், மெல்லிசு முன இருக்கற ட்வீசரால தோலோட ஒட்டிப் புடிச்சு நேரா மேல இழுத்தா வந்துடும்.

சிக்கர்னு கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சியும் உண்டு, சாக்ஸ் எலாஸ்டிக் ஓரமா, இடுப்பு வார் ஓரமா கடிச்சு வைக்கும். நம்ம புதுச்சேரி கடலூர் பக்கம் மழக்காலத்துல ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் வருதுல்ல, அத பரப்பறது இதோட சொந்தக்கார பூச்சிதான். அங்க பெரும்பாலும் ஒரு வாரம் சொறிஞ்சிக்கிட்டு இருக்கறதோட போயிடும்.

கேள்வி: அந்த பைன் காட்டு போட்டோ பாத்தேன் அண்ணா. மரத்து அடியெல்லாம் கரியா இருக்கு, சில மரத்துல மட்டும் வெள்ளப் பெயின்ட் வளையம். காட்டுத்தீயா? அப்படி எரியற எடத்துல தங்கலாமா?
கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

தம்பி, நல்லா பாத்திருக்க. அது தானா வந்த தீ இல்ல, வச்ச தீ. ஃபாரஸ்ட் சர்வீஸே ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தரம், காத்து ஈரம் எல்லாம் பாத்து, எல்ல கட்டி, கீழ இருக்கற சருகையும் பொதரையும் மட்டும் எரிய விடுது. விடலன்னா அந்தக் காடே மாறிப்போயிடும். லாங்லீஃப் பைன்னு ஒரு மரம், அதோட ஊசி எல ஒரு அடி நீளம் கூட வரும், ஒரு காலத்துல வர்ஜீனியாலேர்ந்து டெக்சாஸ் வரைக்கும் ஒம்பது கோடி ஏக்கர் அளவுக்கு நின்னுது. மரத்துக்கு வெட்டி, டர்பன்டைனுக்கு கீறி, தீயையும் அணைச்சு அணைச்சு, கடசில சுமார் முப்பது லட்சம் ஏக்கருக்கு வந்து நின்னுது. இந்த மரத்துக் கன்னு மொத சில வருஷம் மரமாவே தெரியாது, தரையோட ஒரு புல்லுக் கத்த மாதிரி உக்காந்திருக்கும், வேர மட்டும் கீழ எறக்கிக்கிட்டு. தீ மேல ஓடினா ஊசி கருகும், நடுவுல இருக்கற மொட்டு தப்பிச்சிடும். பக்கத்துல மொளச்ச ஓக்கு கன்னுங்க கருகிடும், இதுக்கு வெயில் கெடைக்கும், ஒரே மூச்சுல ஒசந்துடும்.

வெள்ள வளையம் இருக்கற மரத்துல ஒரு மரங்கொத்தி குடும்பம் இருக்கு. ரெட் காக்கேடட் மரங்கொத்தி. மத்த மரங்கொத்தி பட்ட மரத்துல பொந்து போடும், இது உசுரோட இருக்கற வயசான பைன் மரத்துல போடும், ஒரு பொந்துக்கு வருஷக்கணக்கா கொத்தும். பொந்த சுத்தி சின்னச் சின்ன ஓட்டையா கொத்தி வச்சிருக்கும், அதுலேர்ந்து பிசின் வழிஞ்சு மரப்பட்டை மேல வெள்ள வெள்ளையா உறைஞ்சு நிக்கும். அழகுக்கு இல்ல, எலிப்பாம்பு மேல ஏற முடியாம பண்றதுக்கு. 1970ல அழியற நெலம பட்டியல்ல போட்டாங்க, 2024ல ஒரு படி எறக்கி இப்ப ஆபத்து கொஞ்சம் கொறஞ்ச பட்டியல்ல இருக்கு. அந்த வளையம் பாத்தா அங்க டென்ட் போடாத, தள்ளிப் போ.

நீ தங்கறதுக்கு கேக்கற விஷயம், தீய விட மேல பாரு. வண்டு அடிச்சு பட்டுப்போன பைன் மரம் நெறைய நிக்கும், காத்தே இல்லாதப்ப கூட கொம்பு விழும். தேங்கா நெறஞ்ச தென்னைக்கு அடியில கட்டில் போட மாட்டோம்ல, அதான். 2011 தானே புயல்ல மரம் சாஞ்சத பாத்த ஊரு நம்மது, இதுக்கு மேல வெளக்கம் வேணாம். குளிர் காய நெருப்பு மூட்டணும்னா வெறக ஊர்லேர்ந்து கார்ல கொண்டு போகாத, பூச்சி பரவும், அங்கயே கீழ விழுந்து காஞ்சத பொறுக்கு. பழைய பைன் அடிக்கட்டைல பிசின் ஏறி ஆரஞ்ச் கலர்ல இருக்கற சிராய் கெடைச்சா மழ பேஞ்ச அன்னிக்கு கூட பத்திக்கும், டர்பன்டைன் வாசன தூக்கும். மூணு மூணு எலையா ஏறி இருக்கற பாய்சன் ஐவி கொடி சுத்தின கட்டைய மட்டும் எரிக்காத, அந்தப் பொக நெஞ்சுக்குள்ள போனா ஆஸ்பத்திரிதான். படுக்கறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்தி, கிளறி, கைய கிட்ட வச்சுப் பாரு, சூடு தெரிஞ்சா இன்னும் ஊத்து.

கேள்வி: சாப்பாடு?
பண்ருட்டி

புளியோதர, தக்காளித் தொக்கு, சப்பாத்தி, ராத்திரிக்கு ரவ உப்புமா. சின்ன கேஸ் அடுப்பு அங்கயே வாங்கணும், அந்த சிலிண்டர ப்ளைட்ல ஏத்த விடமாட்டாங்க. கருவாட்டுக் கொழம்பு வைக்கற ஆச இருந்தா அடக்கிக்கோங்க, ராத்திரி ரக்கூன்னு சாப்பாடு திருடற காட்டு மிருகம் ஒண்ணு குடும்பத்தோட வந்துடும். சாப்பாடு மொத்தமும் கார்க்குள்ள, டென்ட்டுக்குள்ள ஒரு முறுக்கு கூட கூடாது.

கேள்வி: அமெரிக்காலாம் நமக்கு ஆவாது. இங்கயே சவுக்குத்தோப்புல, இல்ல பீச்ல, இல்ல மலையில இப்படி ஓசியா டென்ட் போட முடியுமா?
அரியாங்குப்பம்

மலைன்னா ரிசர்வ் ஃபாரஸ்ட்ல அனுமதி இல்லாம நொழையறதே குத்தம், தங்கறது அப்புறம். 2018 மார்ச்ல குரங்கணி தீயில இருபது பேருக்கு மேல போனாங்க, அதுக்கப்புறம் கெடுபிடி இன்னும் ஜாஸ்தி. காட்டுல நடக்கணும்னுதான் ஆசைன்னா 2024 அக்டோபர்ல வனத்துறையே ட்ரெக் தமிழ்நாடுன்னு 40 பாத தொறந்துது, ஆன்லைன்ல பணம் கட்டி வழிகாட்டியோட போகலாம். ஓசி இல்ல.

பீச்ல தை மாசி பங்குனில வேணவே வேணாம், நம்ம கரையில ஆமை முட்ட போட ஏறி வர்ற நேரம், நம்ம லைட்டும் நெருப்பும் பாத்து குஞ்சுங்க கடலுக்கு போகாம ஊர்ப்பக்கம் நடந்துடும். சவுக்குத்தோப்பு பெரும்பாலும் யாரோ ஒருத்தர் பட்டா நெலம், கம்புக்கு வளக்கறது. தோப்புக்காரர தெரிஞ்சிருந்தா கேட்டுப் பாருங்க, பல பேர் சரின்னுதான் சொல்வாங்க. தோப்புக்குள்ள மட்டும் நெருப்பு வேணாம், சவுக்கு சருகு ஒரு பீடித் துண்டுக்கே பத்திக்கும், சாப்பாட்ட பொட்டலமா கட்டிக்கிட்டு போங்க, டீய பிளாஸ்க்ல.